அத்தையின் கையெழுத்து - அப்பா சொத்தில் பெண்ணுக்குப் பங்கு வந்த கதை



போன செமஸ்டரில் வருமான வரி வகுப்பு. 'இந்து கூட்டுக் குடும்பம்' பாடம் நடந்து கொண்டிருந்தது. சட்டத்தின் கண்ணில் ஒரு குடும்பமே தனி ஆள் போல வரி கட்டலாம். குடும்பத்தை நிர்வகிப்பவர் 'கர்த்தா'. பிறப்பாலேயே சொத்தில் உரிமை உள்ளவர்கள் 'கோபார்சனர்', தமிழில் கூட்டுப் பங்காளி என்று சொல்லலாம். நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்திருந்த பழைய புத்தகத்தில் "ஆண் வாரிசுகள் மட்டும்" என்று இருந்தது. சார் "அது பழசு, மகள்களையும் சேர்த்து எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு மட்டும் அந்தப் பக்கத்தை விட்டு நகர முடியவில்லை. காரணம் என் அத்தை.

2016. நான் ஏழாவது படித்துக் கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை அத்தை வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார். அப்பா, பெரியப்பா, பாட்டி, அத்தை எல்லோரும் ரிஜிஸ்டர் ஆபீஸ் போனார்கள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் தொற்றிக் கொண்டேன். வெளியே மரத்தடியில் பத்திரம் எழுதுபவர் அத்தையிடம் "ஒண்ணுமில்லைம்மா, ஒரு கையெழுத்துதான்" என்றார். அத்தை போட்டார். கைரேகை வைத்தார். மை துடைக்கத் துணி இல்லாமல் புடவைத் தலைப்பிலேயே துடைத்துக் கொண்டார். மதியம் வீட்டில் வடை பாயசத்தோடு சாப்பாடு. ஒரு பட்டுப்புடவையும் கொஞ்சம் பணமும் கொடுத்தார்கள். சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

அந்தப் பத்திரத்தின் பெயர் விடுதலைப் பத்திரம். யாருக்கு யாரிடமிருந்து விடுதலை என்று அன்று எனக்குப் புரியவில்லை. இப்போது தேடிப் படித்ததில் கொஞ்சம் புரிகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, காமர்ஸ் மாணவன். சட்டப் புத்தகத்தையும் தீர்ப்புகளையும் படித்து எனக்குப் புரிந்த அளவு சொல்கிறேன்.

எங்கே ஆரம்பித்தது?

ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்னால் போக வேண்டும். சாளுக்கிய மன்னர் ஆறாம் விக்கிரமாதித்தனின் காலத்தில், கல்யாணி நகரில் (இன்றைய கர்நாடகத்தின் பசவகல்யாண்) விஞ்ஞானேசுவரர் என்பவர் யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு ஓர் உரை எழுதினார். பெயர் மிதாக்ஷரா. அதன்படி பரம்பரைச் சொத்தில் மகனுக்குப் பிறந்த உடனேயே உரிமை வந்துவிடும். அப்பா சாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வங்காளத்தில் ஜீமூதவாகனர் எழுதிய தாயபாகம் வேறு மாதிரி: அப்பா இறந்த பிறகுதான் மகனுக்கு உரிமை. வங்காளமும் அஸ்ஸாமும் தாயபாகத்தைப் பின்பற்றின, தமிழ்நாடு உட்பட மற்ற பெரும்பாலான பகுதிகள் மிதாக்ஷராவைப் பின்பற்றின.

மிதாக்ஷராவில் "பிறந்த உடனே உரிமை" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது மகனுக்கு, பேரனுக்கு, கொள்ளுப்பேரனுக்கு மட்டும். மகளும் அதே வீட்டில்தான் பிறந்தாள், அவளுக்கு இல்லை. அவளுக்கு உரியது ஸ்திரீதனம், அதாவது கல்யாணத்தின்போதும் மற்ற நேரங்களிலும் அன்பளிப்பாக வந்த நகை, துணிமணி போன்றவை. மற்றபடி சாப்பாடும் கல்யாணச் செலவும் குடும்பத்தின் பொறுப்பு. "சீர் செஞ்சாச்சு, அப்புறம் என்ன பங்கு?" என்று இன்றைக்கும் கேட்கிறார்களே, அந்தக் கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

வெள்ளைக்காரன் காலம்

1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் போட்ட திட்டப்படி, வாரிசுரிமை, கல்யாணம் போன்ற விஷயங்களில் இந்துக்களுக்கு சாஸ்திரமும் முஸ்லிம்களுக்கு குர்ஆனும்தான் சட்டம் என்று ஆனது. ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி இருந்த வழக்கங்கள் பல இருக்க, ஏட்டில் இருந்தது கோர்ட்டுக்குள் போய் உட்கார்ந்து கொண்டது.

உயில் எழுதும் பழக்கமும் இந்தக் காலத்தில்தான் பரவியது. 'உயில்' என்ற சொல்லே 'வில்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததுதான். 1870-இல் இந்து உயில்கள் சட்டம் வந்தது. 1872-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன தாகூர் வழக்கு பிரபலமானது. கல்கத்தாவின் பிரசன்ன குமார் தாகூர், கிறிஸ்தவராக மாறிய தன் மகனுக்கு ஒன்றும் இல்லாமல் உயில் எழுதி வைத்தார். அதை எதிர்த்து மகன் போட்ட வழக்கு அது. சொத்துக்காரன் மனசு வைத்தால் வாரிசை மாற்ற முடியும் என்ற எண்ணம் நம் ஊருக்கு நன்றாகப் பிடிபட்டுவிட்டது.

படிப்புக்கும் பங்கு கேட்ட கதை ஒன்று உண்டு. குடும்பப் பணத்தில் இங்கிலாந்து போய்ப் படித்து ஐ.சி.எஸ். அதிகாரியான ஒருவரின் சம்பாத்தியம் குடும்பத்துக்கே பொதுச்சொத்து என்று 1921-இல் பிரிவி கவுன்சில் சொன்னது. படித்த ஆண்கள் அலறிவிட்டார்கள் போல. 1930-இலேயே 'இந்து கல்விச் சம்பாத்தியச் சட்டம்' வந்து, படித்துச் சம்பாதித்தது அவரவர்க்கே சொந்தம் என்று ஆனது. 9 வருடத்தில் வேலை முடிந்தது! ஆண்களுக்குச் சிக்கல் வந்தபோது சட்டம் இவ்வளவு வேகமாக ஓடியிருக்கிறது. பெண்களுக்கு எவ்வளவு காலம் ஆனது என்று பார்ப்போம்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெண்களுக்கு ஆண்களைப் போலச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று பெரியார் இயக்கம் தீர்மானம் போட்டது. 1937-இல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தது. ஜி.வி. தேஷ்முக் கொண்டுவந்த மசோதா என்பதால் அவர் பெயரிலும் சொல்வார்கள். கணவன் இறந்தால் விதவைக்கும் மகனுக்குச் சமமான பங்கு. ஆனால் அந்தப் பங்கை அவள் ஆயுள் வரை அனுபவிக்கலாம், இஷ்டப்படி விற்க முடியாது. அவளுக்குப் பிறகு அது கணவனின் வாரிசுகளுக்கே திரும்பிப் போகும். மகளைப் பற்றி அந்தச் சட்டத்தில் பேச்சே இல்லை.

1956 - பாதிக் கதவு திறந்தது

இந்துச் சட்டத்தைத் தொகுக்க பி.என். ராவ் தலைமையில் 1941-இல் குழு போட்டார்கள். விடுதலைக்குப் பிறகு அந்த மசோதாவைத் தூக்கிச் சுமந்தவர் சட்ட அமைச்சர் அம்பேத்கர். எதிர்ப்பு பலமாக இருந்தது. மசோதா முடங்கியது. 1951 செப்டம்பரில் அவர் பதவி விலகினார். அதற்கு இந்தச் சட்டம் முடக்கப்பட்டதும் ஒரு முக்கியக் காரணம். பிறகு அதை நான்கு துண்டாக்கி 1955, 56-இல் நிறைவேற்றினார்கள். அதில் ஒன்றுதான் இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 ஜூன் 17 முதல் அமல்.

இந்தச் சட்டம் செய்த நல்லது இரண்டு. ஒருவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மனைவி, மகன், மகள், அம்மா எல்லோருக்கும் சம பங்கு. அடுத்து, பெண்ணுக்கு வந்த சொத்து இனி முழுக்க அவளுடையது, 'ஆயுள் வரை மட்டும்' என்பது போனது.

செய்யாமல் விட்டது: பரம்பரைச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை பழையபடி ஆண்களுக்கு மட்டும். அதோடு 23-ஆவது பிரிவு என்று ஒன்று. குடும்பம் குடியிருக்கும் வீட்டில் மகளுக்குப் பங்கு இருந்தாலும், ஆண் வாரிசுகளாகப் பார்த்துப் பிரித்துக் கொள்ளும் வரை அவள் பிரிக்கச் சொல்லிக் கேட்க முடியாது. கல்யாணமாகாதவள், கைவிடப்பட்டவள் அல்லது பிரிந்து வந்தவள், விதவை ஆகியோர் மட்டும் அங்கே தங்கிக் கொள்ளலாம்.

ஒரு சின்ன கணக்கு

காமர்ஸ் மாணவன் எழுதினால் கணக்கு இல்லாமல் இருக்குமா :-) எங்கள் குடும்பத்தையே எடுத்துக் கொள்கிறேன். தாத்தா, பாட்டி, இரண்டு மகன்கள் (பெரியப்பா, அப்பா), ஒரு மகள் (அத்தை). கொள்ளுத்தாத்தாவிடமிருந்து வந்த வீடும் பாத்திரக்கடையும். கணக்குக்கு வசதியாக மொத்த மதிப்பு 48 லட்சம் என்று வைத்துக் கொள்வோம் (உண்மை மதிப்பு இது இல்லை). தாத்தா உயில் எழுதாமல் இறந்துவிட்டார்.

1956 சட்டப்படி: தாத்தா இறப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் பாகம் பிரித்தது போலக் கற்பனை செய்ய வேண்டும். தாத்தா, இரண்டு மகன்கள், ஆளுக்கு 16 லட்சம். (தென்னிந்தியாவில் இந்தப் பாகப்பிரிவினையில் மனைவிக்குப் பங்கு கிடையாது.) பிறகு தாத்தாவின் 16 லட்சத்தைப் பாட்டி, பெரியப்பா, அப்பா, அத்தை நான்கு பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 4. ஆக, மகன்களுக்கு 20, 20. அத்தைக்கு 4. பாட்டிக்கு 4.

மகளும் கூட்டுப் பங்காளி என்றால்: தாத்தாவோடு சேர்த்து நான்கு பேர், ஆளுக்கு 12. தாத்தாவின் 12-ஐ நான்காகப் பிரித்தால் 3. ஆக, மூன்று பிள்ளைகளுக்கும் 15, 15, 15. பாட்டிக்கு 3.

இரண்டு விஷயம் கவனியுங்கள். அத்தையின் பங்கு 4-லிருந்து 15 ஆகிறது. ஆனால் பாட்டியின் பங்கு 4-லிருந்து 3 ஆகக் குறைகிறது! மருமகளாக வந்தவர் கூட்டுப் பங்காளி இல்லை என்பதால் வந்த வினை. மகளுக்குக் கொடுத்தது மகன்களிடமிருந்து மட்டும் வரவில்லை, அம்மாவிடமிருந்தும் கொஞ்சம் வந்திருக்கிறது. இதை யாரும் பெரிதாகப் பேசி நான் பார்க்கவில்லை. அதே 48 லட்சம் தாத்தாவின் சுய சம்பாத்தியமாக இருந்திருந்தால் நான்கு பேருக்கும் 12, 12 என்று நேராக முடிந்திருக்கும்.

1989, 2005 - அத்தை தவறவிட்ட பஸ்

கேரளா 1975-இல் கூட்டுக் குடும்ப முறையையே ஒழிக்கச் சட்டம் போட்டது. ஆந்திராவில் என்.டி. ராமராவ் ஆட்சியில் மகள்களும் கூட்டுப் பங்காளிகள் என்று திருத்தம் வந்தது. தமிழ்நாட்டில் 1989-இல் கலைஞர் ஆட்சி அதே திருத்தத்தைக் கொண்டுவந்தது. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்குச் சரியாக 60 வருடம் கழித்து. 1994-இல் கர்நாடகாவும் மகாராஷ்டிராவும் சேர்ந்து கொண்டன.

தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் அமல். அதற்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்களுக்குப் பொருந்தாது. அத்தைக்குக் கல்யாணம் 1987-இல். இரண்டே வருடத்தில் போச்சு. அத்தையை விடச் சின்னவர்களான பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு இருந்த உரிமை அவருக்கு இல்லை. கல்யாணத் தேதியை வைத்து ஒரு பெண் அந்த வீட்டு மகளா இல்லையா என்று முடிவு செய்தது சட்டம்.

2000-இல் சட்ட ஆணையத்தின் 174-ஆவது அறிக்கை இந்தப் பாகுபாட்டைச் சுட்டிக் காட்டியது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதற்கும் திருத்தம். மகனைப் போலவே மகளும் பிறப்பால் கூட்டுப் பங்காளி. கல்யாணம் ஆனவளா இல்லையா என்ற கேள்வியே இல்லை. 23-ஆவது பிரிவும் போனது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் முறையாக முடிந்துவிட்ட பாகப்பிரிவினை, விற்பனைகளை மட்டும் தொட முடியாது.

அத்தைக்குக் கதவு திறந்துவிட்டது என்று நினைத்தால், அடுத்த குழப்பம். தாத்தா இறந்தது 2003-இல். 2005-இல் அப்பா உயிரோடு இல்லாவிட்டால் மகளுக்கு இந்த உரிமை உண்டா?

2015 அக்டோபரில் பிரகாஷ் எதிர் புலாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம், 2005 செப்டம்பர் 9 அன்று அப்பாவும் மகளும் இருவருமே உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது. 2018-இல் தானம்மா வழக்கில், 2001-லேயே அப்பா இறந்திருந்தும் மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. எது சரி? 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு முடித்து வைத்தது: உரிமை பிறப்பால் வருவது, அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்தாரா என்பது முக்கியமில்லை. நான் மேலே போட்ட 'கற்பனைப் பாகப்பிரிவினை' கணக்கு உண்மையான பாகப்பிரிவினை ஆகாது என்றும் சொன்னது.

இப்போது அத்தையின் தேதிகளை வரிசையாக வையுங்கள். 1987 கல்யாணம், 1989 சட்டம் அவரைத் தாண்டிப் போனது. 2003 தாத்தா மரணம், 2005 சட்டம் அவரைச் சேர்த்துக் கொண்டது. 2015 தீர்ப்பு வெளியே தள்ளியது. 2016 கையெழுத்து. 2020 தீர்ப்பு உள்ளே அழைத்தது. ஆனால் பதிவு செய்து கொடுத்த விடுதலைப் பத்திரத்தை ஒரு தீர்ப்பு தானாக ரத்து செய்துவிடாது.

அதிலும் 2015 தீர்ப்பு சரி என்றே வைத்துக் கொண்டாலும், பழைய கணக்குப்படி 48-இல் 4 அவருக்கு உண்டு. "ஒண்ணுமில்லைம்மா" என்று சொன்னது அன்றைக்கும் உண்மை இல்லை.

(இது எல்லாம் இந்துச் சட்டம். கேரளக் கிறிஸ்தவப் பெண்களுக்கு வேறு கதை. திருவிதாங்கூரின் 1916-ஆம் ஆண்டு சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5000 ரூபாய், எது குறைவோ அது! மேரி ராய் வழக்குப் போட்டு 1986-இல் உச்ச நீதிமன்றத்தில் அதை உடைத்தார்.)

கடை யாருடையது?

வீட்டையாவது அளந்து பிரிக்கலாம். கடை? இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932, 5-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: கூட்டாண்மை ஒப்பந்தத்தால் வருவது, பிறப்பால் வருவது இல்லை. ஆகவே கூட்டுக் குடும்பத் தொழில் கூட்டாண்மை ஆகாது. கடைசிப் பரீட்சையில் 5 மார்க் கேள்வி இது. ஆனால் அதன் அர்த்தம் என்ன? பரம்பரைக் கடையில் அத்தை ஒரு நாளும் கல்லாவில் உட்கார்ந்ததில்லை என்றாலும் அவருக்கு உரிமை உண்டு. அதே சமயம், அப்பாவும் பெரியப்பாவும் 30 வருடம் கடையில் நின்று உழைத்ததற்குச் சட்டத்தில் தனிக் கணக்கு எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. அவர்கள் பக்க வருத்தமும் எனக்குப் புரிகிறது. சம்பளம் இவ்வளவு, லாபப் பங்கு இவ்வளவு என்று தாத்தா காலத்திலேயே எழுதி வைத்திருந்தால் யாருக்கும் குறை இருந்திருக்காது.

கர்த்தா பதவியிலும் இதே கதைதான். விதவை கர்த்தா ஆக முடியாது என்று 1965-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், 2005 திருத்தத்துக்குப் பிறகு குடும்பத்தில் மூத்த கூட்டுப் பங்காளி பெண்ணாக இருந்தால் அவரே கர்த்தா ஆகலாம் என்று சொன்னது. மகள் ஆகலாம். மருமகள் இன்னும் வெளியேதான்.

நம்ம வீட்டில் செய்ய வேண்டியது

படித்ததில் எனக்குப் புரிந்த சிலவற்றை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

ஒன்று, சொத்து பரம்பரையா சுய சம்பாத்தியமா என்று முதலில் பாருங்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று இரண்டையும் எடுத்துப் படித்தாலே பாதி தெரியும்.

இரண்டு, உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை (பதிவு செய்வது நல்லது). ஆனால் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். தன் பங்கை மட்டும்தான் உயிலில் எழுத முடியும், மொத்தப் பரம்பரைச் சொத்தையும் முடியாது. உயிலை உயிரோடு இருக்கும் வரை மாற்றலாம். செட்டில்மென்ட் பத்திரம் அப்படி இல்லை, எழுதிக் கொடுத்தால் கொடுத்ததுதான். பிள்ளைகள் பார்த்துக் கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தால், 2007-இல் வந்த மூத்த குடிமக்கள் சட்டத்தில் ரத்து செய்ய வழி இருக்கிறது.

மூன்று, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் "என் பங்கு எவ்வளவு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பங்கு எவ்வளவு என்று தெரிந்த பிறகும் அண்ணன் தம்பிக்கு விட்டுக் கொடுக்கிறேன் என்றால் அது உங்கள் பெருந்தன்மை. தெரியாமல் போட்டால் அதற்கு வேறு பெயர்.

கடைசியாக

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு ராத்திரி அப்பாவிடம் கணக்கைப் போட்டுக் காட்டினேன். பேப்பரை ரொம்ப நேரம் பார்த்தார். "அவ கேக்கவே இல்லையேடா" என்றார். அத்தைக்குத் தெரியாது, அதனால் கேட்கவில்லை என்றேன். அப்பா பதில் சொல்லவில்லை. நான் இந்தக் கல்லூரியில் படிக்கிற ஃபீஸ் அந்தக் கடையிலிருந்துதான் வருகிறது என்பதும் எனக்கு ஞாபகம் வந்தது. எனக்கும் அதற்கு மேல் பேச வரவில்லை.

மறுநாள் அத்தைக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். "பங்கு கேட்டா பொறந்த வீட்டு வாசல் அடைச்சிடும்டா, எங்க காலத்துல அப்படித்தான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து "ஆனா எவ்வளவுன்னு சொல்லியிருக்கலாம்" என்றார்.

போன வாரம் அப்பா பெரியப்பா வீட்டுக்குப் போய் வந்தார். என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. நான் கணக்குப் போட்ட அந்தப் பேப்பர் மட்டும் மேஜையில் இல்லை, எடுத்துப் போயிருக்கிறார். அத்தைக்கு ஏதாவது செய்வார்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், பத்தாவது படிக்கிறாள். அவளிடம் இந்தக் கணக்கை நானே சொல்லிக் கொடுத்துவிட்டேன்.